அடைகாத்தலும் காத்திருத்தலும்: இந்தியப் புத்தொழில்களுக்கு அரசு தந்த பணத்தின் வரலாறு

புதிதாகத் தொடங்கப்படும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இடமும் கருவியும் வழிகாட்டலும் தந்து வளர்த்தெடுக்கும் அமைப்பை இன்குபேட்டர் என்கிறோம். தமிழில் அதற்கு அடைகாப்பகம், வளர் காப்பகம், தொழில் வளர் மையம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. கோழிக்குஞ்சோடு தொடர்புடைய ஒரு சொல் தொழிலுலகுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்றொரு சிறு நகரம். அங்கிருந்த மாசி ஹாரிஸ் வேளாண் கருவித் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஊரில் வேலையின்மை பெருகியது. சுமார் எட்டரை இலட்சம் சதுர அடிப் பரப்புள்ள அந்தக் கட்டடத்தை மான்கூசோ குடும்பத்தினர் வாங்கினர். முழுவதையும் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. எனவே 1959இல் ஜோசப் மான்கூசோ அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். அலுவலக வசதிகளையும் பொதுவில் ஏற்படுத்தித் தந்தார். குடிவந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். தாம் அடைகாத்துக்கொண்டிருப்பதாக அவர் வேடிக்கையாகச் சொல்லப்போக, அதுவே உலகெங்கும் பெயராக நிலைத்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு மேலே படுத்திருத்தல் என்று பொருள். தமிழ்ச் சொல் இன்னும் சற்று நுட்பமானது. அடைகாத்தல் என்பதில் உள்ள வினையடி ‘கா’. காவல், காப்பு, காப்பகம் ஆகியவை அதிலிருந்து பிறந்தவை. காத்திருத்தல் என்பதும் அதே அடியில் பிறந்ததுதான். கோழி முட்டைமேல் அமர்ந்து 21 நாள் ஆனால்தான் குஞ்சு வெளிவரும். பத்தாம் நாளில் கோழி எழுந்து போய்விட்டால், கூடு எத்தனை நேர்த்தியாக அமைந்திருந்தும் பயனில்லை.

இந்தியாவில் தொழில்நுட்பப் புத்தொழில்களுக்கு அரசு அளித்துவந்த ஆதரவின் வரலாற்றைப் படிக்க இந்த இரு சொற்களும் உதவும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்திய அரசு காப்பகங்களைக் கட்டிவந்திருக்கிறது. அவற்றின் எண்ணிக்கையும் பெருகியிருக்கிறது. ஆனால் ஓர் ஆய்வு விற்பனைப் பொருளாக மாறும்வரை காத்திருக்கக்கூடிய பணம் அரிதாகவே கிடைத்திருக்கிறது. எந்த வடிவில் பணம் தரப்பட்டது, எவ்வளவு காலத்துக்குத் தரப்பட்டது, தோற்றால் இழப்பு யார் தலையில் விழுந்தது என்ற கேள்விகளை முன்வைத்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு தெளிவாகும்.

1. பெயர் வருவதற்கு முன்

விடுதலைக்குப் பின் இந்தியா கைக்கொண்ட வழி, அரசு ஆய்வகம் கண்டுபிடிக்கும், தொழில்துறை அதை வாங்கிக்கொள்ளும் என்பதாக இருந்தது. அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுவான சிஎஸ்ஐஆரின் ஆய்வகங்கள் நாடெங்கும் எழுந்தன. அங்கே உருவாகும் நுட்பங்களுக்கு உரிமம் வழங்கித் தொழில்துறையிடம் சேர்ப்பிக்க, 1953 டிசம்பரில் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. கண்டுபிடிப்பு ஓரிடத்தில் முடிந்து தயாரிப்பு வேறோரிடத்தில் தொடங்கும் என்ற எண்ணமே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. ஆய்வக மேசையில் இயங்கிய ஒன்று தொழிற்சாலையில் இயங்க மறுத்தது. உரிமம் வாங்கியவருக்கு வரைபடம் கிடைத்தது. அந்த வரைபடத்தை வரைந்தவரின் கைப்பழக்கம் கிடைக்கவில்லை. இதற்கு விலக்காக அமைந்தது ஸ்வராஜ் டிராக்டர். துர்காபூரிலிருந்த மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் 1960களின் நடுப்பகுதியில், உள்நாட்டிலேயே ஒரு டிராக்டரை வடிவமைக்கும் பணி தொடங்கியது. அதைத் தயாரிக்க 1970இல் பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் உருவாயிற்று. வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த பொறியாளர் சந்திர மோகன் ஆய்வகத்திலிருந்து அந்த நிறுவனத்துக்கே சென்று அதை வழிநடத்தினார். 1974இல் உற்பத்தி தொடங்கியது. பிற்காலத்தில் மஹிந்திரா குழுமத்தின் கைக்குப் போனாலும் ஸ்வராஜ் என்ற பெயர் இன்றும் வயல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்நாளில் புத்தொழில் என்ற சொல்லும் இல்லை, அடைகாப்பகம் என்ற சொல்லும் இல்லை. எனினும் வேண்டியவை மூன்றும் அங்கே ஒன்றுகூடியிருந்தன. அறிவு படைத்தவர்கள் அறிவோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். பொது நிறுவனம் முதல் போட்டது. ஏறத்தாழ பத்தாண்டு பொறுத்திருக்க ஆளிருந்தது. பின்னர் வந்த திட்டங்கள் பலவற்றில் இம்மூன்றும் தனித்தனியே கிடைத்தன. ஒன்றாகக் கிடைத்தது குறைவு.

2. ஒரே ஆண்டு, இரு வழிகள்

1982 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவு மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது அந்த ஆண்டில்தான். வேலை தேடுகிறவர்களாக மட்டும் இருந்த அறிவியல், பொறியியல் பட்டதாரிகளை வேலை தருகிறவர்களாக ஆக்குவது அதன் நோக்கம். வாரியத்தின் முதல் பெரும் முயற்சியாக 1984இல் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்காத் திட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களின் வளாகங்களில் தொழிற்கூடம், பொதுக் கருவிகள், பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றை ஒருசேர அமைப்பது திட்டம். திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி 1986இல் தொடங்கப்பட்ட ட்ரெக்-ஸ்டெப் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. பாரத மிகுமின் நிறுவனத்தைச் சுற்றிச் சிறு பொறியியல் பட்டறைகள் நிறைந்திருந்த ஊர் அது. பூங்கா அமைவதற்கு ஏற்ற மண்.

அதே 1982இல் அமெரிக்காவில் சிறு தொழில் புத்தாக்க வளர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1977இல், தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அலுவலர் ஒரு சிறு சோதனையைத் தொடங்கியிருந்தார். சிறு நிறுவனங்களின் துணிச்சலான ஆய்வு முன்மொழிவுகளுக்கு முதற்கட்டமாகச் சிறு தொகை; முடிவு நம்பிக்கை தந்தால் இரண்டாம் கட்டமாகப் பெருந்தொகை; மூன்றாம் கட்டத்தில் தனியார் முதலோ அரசுத் துறைகளின் கொள்முதலோ துணை நிற்கும். புதிய சட்டம் இதைப் பெரிய ஆய்வு நிதி வைத்திருந்த கூட்டரசுத் துறைகள் எல்லாவற்றின் மீதும் கடமையாக்கியது. வெளியாருக்கு வழங்கும் ஆய்வு நிதியில் 0.2 விழுக்காட்டில் தொடங்கி 1.25 விழுக்காடுவரை சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கவேண்டும் என்றது. அந்த அளவு பின்னர் படிப்படியாக 3.2 விழுக்காடாக உயர்ந்தது.

இரு நாடுகளின் செல்வத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒப்பிடவேண்டியது கருவியின் தன்மையை. இந்திய வாரியம் இடம் தந்தது, பயிற்சி தந்தது. அமெரிக்கச் சட்டம் ஆய்வுக்கான பணத்தைத் தந்தது. அதையும் திருப்பித் தரவேண்டாத நல்கையாகத் தந்தது. இங்கே திட்டத்தின் ஆயுள் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்கே ஒதுக்கீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது. இந்தியப் பூங்காவில் குடியேறிய இளைஞருக்குக் கூரை கிடைத்தது. கூரையின் கீழ் அமர்ந்து ஈராண்டு சோதனை செய்யும் செலவுக்கு அவர் வங்கியையோ வீட்டையோ நாடவேண்டியிருந்தது. வங்கி அடமானம் கேட்டது. இன்னும் உருவாகாத ஒரு நுட்பத்தை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்?

3. இறக்குமதியில் பிறந்த நிதி

பணத்துக்கு ஒரு வழி 1986இல் பிறந்தது. அந்த ஆண்டின் ஆராய்ச்சி வளர்ச்சி மேல்வரிச் சட்டம், வெளிநாட்டிலிருந்து தொழில்நுட்பம் வாங்குகிற நிறுவனங்கள் அதற்காகச் செலுத்தும் தொகையின்மீது மேல்வரி விதித்தது. உச்ச அளவு 5 விழுக்காடு. பிறர் நுட்பத்தை விலைக்கு வாங்குவோரிடமிருந்து ஒரு பங்கை எடுத்து, சொந்த நுட்பத்தை உருவாக்குவோருக்குக் கொடுப்பது என்ற இந்தக் கருத்து எளிமையானது, நியாயமானதும்கூட. தொடக்கத்தில் இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கியின் துணிகர முதலீட்டுக்கு அது ஊற்றாகக் கருதப்பட்டது. 1988இல் ஐசிஐசிஐயும் யூனிட் டிரஸ்டும் இணைந்து பெங்களூரில் டிடிஐசிஐ என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கின. வங்கிக் கடனிலிருந்து வேறுபட்ட ஒரு பண வகை இந்தியாவில் அடியெடுத்து வைத்த காலம் அது.

1995இல் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியச் சட்டம் வந்தது. 1996 செப்டம்பரில் வாரியம் அமைந்தது. மேல்வரியின் பயன் இந்த வாரியத்துக்கு வரும் என்றாயிற்று. உள்நாட்டில் உருவான நுட்பத்தை வணிகமாக்கும் நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் பாதிவரை, ஆண்டுக்கு 5 விழுக்காடு தனிவட்டியில் கடன் தருவது அதன் முதன்மை வழிமுறை.

வாரியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆதரவு பெற்றவற்றுள் பலராலும் நினைவுகூரப்படுவது ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். மின்னணுப் பொறியாளரான வரபிரசாத் ரெட்டி 1993இல் அதைத் தொடங்கினார். கல்லீரல் அழற்சி பி நோய்க்கான தடுப்பூசி அப்போது இறக்குமதியாகவே கிடைத்தது. ஒரு டோஸின் விலை பல நூறு ரூபாய். வெளிநாட்டிலிருந்து தொழில்நுட்பத்தைப் பெறும் முயற்சி கைகூடாததால் உள்நாட்டிலேயே அதை உருவாக்க அவர் முனைந்தார். வங்கிகள் தயங்கின. ஓமன் நாட்டிலிருந்து வந்த முதலீடு நிறுவனத்தைத் தாங்கியது. உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் ஆய்வுப் பணிக்கு இடம் கிடைத்தது. தொழில்நுட்ப வளர்ச்சி வாரியத்தின் கடன் வணிக உற்பத்திக்குத் துணைநின்றது. 1997 ஆகஸ்டில் சான்வாக்-பி சந்தைக்கு வந்தபோது விலை ஐம்பது ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் உள்ளிட்ட பிற உள்நாட்டு நிறுவனங்களும் களத்தில் இறங்கவே விலை மேலும் சரிந்தது. பின்னாளில் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெறவும் வழி பிறந்தது.

இந்த வெற்றியைச் சரியாகப் படிக்கவேண்டும். வாரியத்தின் கடன் வந்தது ஆய்வு பெரும்பாலும் முடிந்து, உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்த கட்டத்தில். கடன் என்ற வடிவத்தின் இயல்பே அதுதான். தவணை குறிக்கப்பட்டிருக்கும், மீதிப் பாதிச் செலவை நிறுவனமே திரட்டியாகவேண்டும். எனவே கடைசிப் படியில் நிற்பவருக்கே அது பயன்படும். முதற்படியில் சாந்தாவைக் காத்தவை கடல் கடந்து வந்த தனியார் முதலும், பல்கலைக்கழகமும் அரசு ஆய்வகமும் திறந்துவிட்ட கதவுகளும்தான்.

மேல்வரிக்கு என்ன ஆயிற்று? வசூலான தொகை இந்தியத் தொகுநிதிக்குப் போயிற்று. அங்கிருந்து வாரியத்துக்கு எவ்வளவு விடுவிப்பது என்பதை ஆண்டுதோறும் அரசு முடிவு செய்தது. இருபது ஆண்டுகளில் வசூலான ஆயிரக்கணக்கான கோடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உரிய நோக்கத்துக்குச் சென்றது என்று சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். 2017இல் மேல்வரியே நீக்கப்பட்டது. புத்தாக்கத்துக்கென்று தனியே திரட்டப்பட்ட, சட்டத்தின் ஆதரவு பெற்ற ஒரு நிதி ஊற்று இப்படித்தான் பெரும்பாலும் பொதுச் செலவில் கலந்து மறைந்தது. நிதிப் பற்றாக்குறை என்று சொல்லப்படும் இடங்களில் இந்தக் கணக்கையும் நினைவிற்கொள்வது நல்லது.

4. 2000க்குப் பிறகு: நல்கையின் வருகை

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பூங்காக்களின் அடுத்த வடிவமாகத் தொழில்நுட்பத் தொழில் அடைகாப்பகத் திட்டம் வந்தது. மும்பை ஐஐடியில் 1999இல் தகவல்தொழில்நுட்பப் பள்ளியில் சோதனையாகத் தொடங்கிய முயற்சி, 2004இல் சைன் என்ற தனி அமைப்பாக உருப்பெற்றது. மறுபுறம், சிஎஸ்ஐஆர் வழியாகப் புத்தாயிர இந்தியத் தொழில்நுட்பத் தலைமை முன்னெடுப்பு 2000–01இல் தொடங்கியது. நிம்ட்லி என்று சுருங்க அழைக்கப்படும் இத்திட்டம், ஆய்வகங்களையும் தனியார் நிறுவனங்களையும் ஒரே பணியில் இணைத்தது. 2005இல் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க முன்மாதிரியைப் பெயரிலேயே ஏற்று, சிறு தொழில் புத்தாக்க ஆய்வு முன்னெடுப்பைக் கொண்டுவந்தது. 2012இல் பைராக் என்ற அரசு நிறுவனம் உருவாகி, கருத்து நிலையில் இருப்போருக்கும் 50 இலட்சம் ரூபாய் வரை நல்கை தரும் திட்டத்தை நடத்தியது. திருப்பித் தரவேண்டாத பணம் ஒருவழியாகச் சிறு நிறுவனத்தின் வாசலுக்கு வந்தது.

அதன் பயனைக் காட்டும் எடுத்துக்காட்டு ட்ரூநாட். காசநோய்ச் சுமையில் உலகின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவுடையது. சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறை பல நோயாளிகளைத் தவறவிட்டது. மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறை துல்லியமானது. ஆனால் குளிரூட்டிய ஆய்வகமும் தடையற்ற மின்சாரமும் கேட்டது. பெங்களூரின் பிக்டெக் நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியாக அதை ஆக்க முயன்றது. நிம்ட்லியின் நிதியும் அந்த முயற்சிக்குத் துணைநின்றது. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குப் பின் கருவி சந்தைக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மதிப்பீடு, தேசியக் காசநோய்த் திட்டத்தின் கொள்முதல் ஆகியவற்றைக் கடந்து, 2020இல் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையையும் பெற்றது. அதே ஆண்டில் கொரோனா வந்தபோது, பெரிய ஆய்வகங்கள் இல்லாத மாவட்டங்களில் சோதனை நடத்த அந்தக் கருவி ஆயத்தமாக இருந்தது. தொற்று வந்தபின் தொடங்கியிருந்தால் அது நடந்திராது.

மும்பை சைனில் வளர்ந்த ஐடியாஃபோர்ஜும் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. 2007இல் ஐஐடி மாணவர்கள் தொடங்கிய ஆளில்லா விமான நிறுவனம் அது. 2009இல் வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ திரைப்படத்தில் பறந்த சிறு விமானம் அவர்களுடையதுதான். பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நேத்ரா என்ற விமானத்தையும் உருவாக்கினர். இருந்தும் இந்தியத் தரைப்படையின் ஏறத்தாழ 140 கோடி ரூபாய் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது 2021 ஜனவரியில். தொடங்கிப் பதினான்கு ஆண்டு கழிந்து. 2023இல் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அடைகாப்பகத்தில் ஒரு நிறுவனம் தங்கும் காலம் வழக்கமாக ஈராண்டோ மூவாண்டோதான். கருவியைச் செய்து விற்கும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. வாடகைச் சலுகை முடியும் நாளுக்கும் முதல் பெரிய வாடிக்கையாளர் வரும் நாளுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் சத்தமில்லாமல் மறைகின்றன.

5. எண்ணிக்கையின் காலம்

2015 விடுதலை நாள் உரையில் அறிவிக்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா, 2016 ஜனவரி 16 அன்று தொடங்கியது. நேரடியாக முதலிடாமல் துணிகர முதலீட்டு நிதியங்களில் முதலிட, சிட்பி வழியாக 10,000 கோடி ரூபாயில் நிதியங்களின் நிதியம் அமைக்கப்பட்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி திட்டம் பழைய முயற்சிகளைத் தொகுத்தது. அதன் பிரயாஸ் பிரிவு முன்மாதிரி செய்ய 10 இலட்சம் ரூபாய் வரை தந்தது. 2021இல் வந்த 945 கோடி ரூபாய் தொடக்க நிதித் திட்டம், அடைகாப்பகங்கள் வழியாக ஒரு நிறுவனத்துக்கு 20 இலட்சம் வரை நல்கையும் 50 இலட்சம் வரை கடன் அல்லது மாற்றத்தக்க கடன்பத்திரமும் வழங்க வகைசெய்தது. 2016இல் சில நூறாக இருந்த அங்கீகாரம் பெற்ற புத்தொழில்களின் எண்ணிக்கை 2023 முடிவில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

இந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. சிறு நகரத்துக் கல்லூரி மாணவருக்கும் இந்தச் சொற்கள் பழக்கமாயின என்பதே ஒரு மாற்றம். ஆனால் எதை எண்ணுகிறோமோ அதுவே வளரும். அங்கீகாரச் சான்றிதழ்களும் அடைகாப்பகங்களும் எண்ணப்பட்டன. ஐந்தாம் ஆண்டில் எத்தனை நிறுவனங்கள் சொந்த நுட்பத்தோடு உயிர்த்திருந்தன என்ற கணக்கு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. செயலி வழியாகப் பொருள் விற்கும் நிறுவனமும், புதிய மின்கல வேதியியலில் உழைக்கும் நிறுவனமும் ஒரே பட்டியலில் ஒரே எண்ணாக நின்றன. முன்னதற்கு ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் வரக்கூடும். பின்னதற்கு ஆறு ஆண்டும் போதாமற்போகலாம். 20 இலட்சம் ரூபாய் முன்னதற்குப் பெருந்துணை. பின்னதற்கு ஒரு கருவி வாங்கவும் பற்றாது.

பரந்த பின்னணியும் இதற்குக் காரணம். ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது, 2020–21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதிலும் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. தொழில்துறை பின்வாங்கி நிற்கும் இடத்தில் புத்தொழில் தனியே நின்று ஆய்வையும் உற்பத்தியையும் விற்பனையையும் சுமக்கவேண்டியிருக்கிறது.

நன்றாக அமைந்த சூழல் என்ன செய்யும் என்பதற்குச் சென்னை சான்று. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சக பேராசிரியர்களும் 1990களிலேயே டெனெட் என்ற குழுவாக இயங்கி, மாணவர்கள் தொடங்கிய நிறுவனங்களோடு சேர்ந்து கார்டெக்ட் போன்ற கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தை உருவாக்கினர். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2010இல் ஆய்வுப் பூங்காவும், அடுத்த சில ஆண்டுகளில் அடைகாப்பு அமைப்பும் வந்தன. அங்கே 2017இல் தொடங்கிய அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த இயந்திரத்தோடு, பலமுறை ஒத்திவைப்புக்குப் பின் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது. இடமும் முதலும் மட்டும் அதைச் சாத்தியமாக்கவில்லை. எரிதல் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த ஒரு பல்கலைக்கழகச் சூழலும், 2020க்குப் பின் இஸ்ரோ தன் வசதிகளைத் தனியாருக்குத் திறந்துவிட்டதும் சேர்ந்தே சாத்தியமாக்கின. அரசு தரக்கூடிய ஆதரவில் விலைமதிப்பற்றது சிலவேளை ரூபாயாக இருப்பதில்லை. சோதனைத் தளத்துக்கு நுழைவு அனுமதியாக இருக்கிறது.

6. காத்திருப்பின் சிக்கல்

அரசு ஏன் காத்திருக்கத் தயங்குகிறது என்பதற்கு நேர்மையான காரணமும் உண்டு. அது செலவிடுவது மக்கள் பணம். கணக்கு கேட்க நாடாளுமன்றம் உண்டு, தணிக்கை உண்டு. நல்கை பெற்ற நிறுவனம் தோற்றால் அதை அனுமதித்தவர் யார் என்ற கேள்வி எழும். கொடுக்காமல் விட்டதால் நாடு இழந்தது எதுவோ, அது எந்தக் கோப்பிலும் பதிவாகாது. எனவே அலுவலர் பாதுகாப்பான முன்மொழிவைத் தேர்கிறார், தோற்கக்கூடியது கழிகிறது. புதுமையானது எதுவும் தோற்கக்கூடியதே என்பதால் புதுமையும் சேர்ந்தே கழிகிறது. இதைத் தனிமனிதரின் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. சிக்கல் விதியின் அமைப்பில் இருக்கிறது.

காத்திருத்தல் கண்மூடி இருத்தலாகவும் கூடாது. நல்கையையே வருவாயாகக் கொண்டு, திட்டம் விட்டுத் திட்டம் தாவி வாழும் நிறுவனங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. படிப்படியாகத் தரும் முறை இதற்கு விடையாக வந்தது. முதலில் சிறு தொகை. தோல்வி அங்கேயே நேர்ந்தால் இழப்பு சிறிது. தேறியவருக்கு அடுத்த கட்டத்தில் பெரிய தொகை. இறுதியில் அரசே முதல் வாடிக்கையாளர். இந்தியத் திட்டங்களில் முதற்படி இப்போது ஓரளவு உண்டு. கடைசிப் படியில் கடன் உண்டு. நடுப்படி மெலிந்தே இருக்கிறது. கொள்முதலோ, முன் அனுபவமும் ஆண்டு வருவாயும் கேட்கும் ஒப்பந்தப்புள்ளி விதிகளில் நெடுங்காலம் சிக்கிக்கிடந்தது. புத்தொழில்களுக்கு அந்த நிபந்தனைகளைத் தளர்த்த ஆணைகள் வந்தன. 2018இல் பாதுகாப்புத் துறை ஐடெக்ஸ் திட்டத்தைத் தொடங்கிப் புத்தொழில்களிடம் நேரடியாகச் சவால்களை முன்வைத்தது. திசை சரியானது.

மிக அண்மைய அத்தியாயம் 2023இன் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகிறது. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒரு இலட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்க நிதியத்துக்கு ஒப்புதல் தந்தது. அறக்கட்டளைக்குள் அமையும் நிதியத்துக்கு ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடனாகப் பணம் வரும். அங்கிருந்து இரண்டாம் நிலை மேலாளர்கள் வழியாக நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடனாகவோ பங்கு முதலாகவோ செல்லும். அரை நூற்றாண்டு என்ற கால அளவை ஓர் அரசு ஆவணத்தில் காண்பது இந்த வரலாற்றில் புதியது. காத்திருத்தலுக்கான இடம் ஏட்டளவிலாவது உருவாகியிருக்கிறது.

கூடவே ஒரு வரம்பும் உண்டு. தொழில்நுட்பத் தயார்நிலை நான்கும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே இந்த நிதி. நல்கை இதன் வடிவம் அன்று. ஆய்வகத்தில் ஒருமுறையாவது இயங்கிக் காட்டியவர்தான் இதன் வாசலை அணுகமுடியும். அந்த நிலையை எட்டும்வரை ஆய்வாளர் எதைக்கொண்டு வாழ்வார்? 2023 முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பட்டம் முடிந்த மறுநாள் அதுவும் நின்றுவிடும். ஆய்வேட்டில் உள்ளதைக் கருவியாக்க விரும்பும் ஒருவருக்கு, அந்த நாளிலிருந்து நான்காம் தயார்நிலை வரையுள்ள தொலைவே இந்திய அடைகாப்பின் மிகக் குளிர்ந்த பகுதி. ஒரு இலட்சம் கோடி அந்தத் தொலைவின் மறுகரையில் காத்திருக்கிறது.

துர்காபூரின் டிராக்டரும் ஐதராபாத்தின் தடுப்பூசியும் பெங்களூரின் சோதனைக் கருவியும் வெவ்வேறு காலத்தவை. ஒவ்வொன்றிலும் ஆய்வுக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை யாரோ ஒருவர் விலைகொடுத்துக் கடந்திருக்கிறார். சிலமுறை அது அரசு. சிலமுறை அயல்நாட்டு முதலீட்டாளர். பலமுறை ஆய்வாளரின் குடும்பம். குடும்பம் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே ஆய்வைத் தொழிலாக்க முடியும் என்றால், எந்தக் கண்டுபிடிப்புகள் நாட்டுக்குக் கிடைக்கும் என்பதைச் செல்வமும் சாதியும் முன்கூட்டியே தீர்மானித்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரியின் ஆய்வேடு நூலக அடுக்கிலேயே நின்றுபோகும்.

ஆகவே, அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது எத்தனை கோடி, எத்தனை மையங்கள் என்பதோடு கல்வியுலகம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. எத்தனை ஆண்டுக்கு இந்தப் பணம், தோற்றால் இழப்பு யாருடையது, தேறினால் முதலில் வாங்குவது யார் என்றும் கேட்கவேண்டும். திட்ட அறிக்கைகளின் முதல் பக்கத்தில் இந்த விடைகள் இருப்பதில்லை. விதிமுறைகளின் நடுப்பக்கங்களில் இருக்கும். அவற்றைத் தேடிப் படிக்கும் வேலை ஆய்வு மாணவர்களுக்குரியது, ஏனெனில் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தாம்.